மறுப்புக் கடிதத்தை எழுதுபவர்

மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் மறுப்புக் கடிதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. கோரிக்கை எண், பாலிசி எண், மருத்துவமனையில் சேர்ந்த தேதி ஆகியவற்றுக்குப் பின் ஒரே ஒரு நீண்ட வாக்கியம் வரும். சமர்ப்பிக்கப்பட்ட ஆவணங்களின்படி இந்த நோய் பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்திருக்கிறது, முன்மொழிவுப் படிவத்தில் அது மறைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே கோரிக்கையை ஏற்க இயலவில்லை என்பது அதன் சாரம். அந்த வாக்கியத்துக்குள் மூன்று முடிவுகள் அடங்கியிருக்கின்றன. நோய் இருந்தது, அது இருப்பது அவருக்குத் தெரியும், தெரிந்தும் மறைத்தார். இவற்றுள் முதலாவது மட்டுமே மருத்துவம் சார்ந்தது. மற்ற இரண்டும் ஒரு மனிதர் என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார், சொன்னதற்கு என்ன பொருள் என்பவை பற்றியவை. இவ்விரண்டையும் முடிவு செய்கிற கோரிக்கைப் பிரிவு ஊழியருக்கு அதற்கென்று என்ன பயிற்சி தரப்படுகிறது என்ற கேள்வி, காப்பீடு பற்றிய பொது உரையாடலில் அநேகமாக எழுவதே இல்லை.

இந்தியாவில் பாலிசி விற்கும் முகவர் தேர்வு எழுதித் தேற வேண்டும். ஐசி-38 என்று முகவர் வட்டாரத்தில் அறியப்படும் அத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தீயில் எரிந்த கிடங்கையும் விபத்தில் நொறுங்கிய வண்டியையும் மதிப்பிடும் சர்வேயர், 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64யுஎம் பிரிவின்படி உரிமம் பெற்றவராக இருத்தல் வேண்டும். உரிமத்துக்கு முன் தேர்வும் களப்பயிற்சியும் உண்டு. விற்பவருக்குத் தகுதி நிர்ணயம் இருக்கிறது, அளப்பவருக்கு இருக்கிறது. இருவருக்கும் பின்னால் அமர்ந்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுதும் நிறுவன ஊழியருக்குத் தனி உரிமம் கிடையாது. டிபிஏ என்னும் மூன்றாம் தரப்பு நிர்வாக அமைப்புகளில் மருத்துவப் பட்டதாரிகள் இதைச் செய்கிறார்கள். ஆயுள் காப்பீட்டில் பட்டதாரி அதிகாரிகள் செய்கிறார்கள். அவர்களுடைய கல்வியைக் குறைத்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த இருக்கைக்கே உரிய தகுதி எது என்று யாரும் வரையறுத்ததில்லை.

பயிற்சியே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். 1955இல் தொடங்கிய மும்பை இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா லைசென்சியேட், அசோசியேட், ஃபெலோ என்று மூன்று படிநிலைத் தேர்வுகளை நடத்துகிறது. 1980இல் அமைந்த புணே தேசியக் காப்பீட்டுக் கழகத்துக்கு அதிகாரிகள் பயிற்சிக்குச் செல்கிறார்கள். காப்பீட்டின் கோட்பாடுகள், பாலிசி விதிகள், சட்டப் பிரிவுகள், மோசடியைக் கண்டறியும் வழிகள் எல்லாம் பாடத்தில் உண்டு. மொழிக்கு என்ன இடம் என்று தேடினால், பெரும்பாலும் 'தகவல் தொடர்புத் திறன்' என்ற தலைப்பில்தான் போய் நிற்க வேண்டும். வாடிக்கையாளரிடம் கனிவாகப் பேசுதல், மின்னஞ்சலை ஒழுங்காக முடித்தல், கோபக்காரரைச் சமாளித்தல். அவையும் வேண்டியவைதாம். எனினும் அங்கே மொழி என்பது முடிவு எடுத்து முடித்த பிறகு மேலே பூசும் மெருகாகக் கருதப்படுகிறது. முடிவே மொழியை வாசித்து எடுக்கப்படுகிறது என்பது பாடத்திட்டத்தின் கண்ணில் படவில்லை.

கேஸ் ஷீட்டில் உள்ள ஒரு வரியை எடுத்துக்கொள்ளலாம். நெஞ்சுவலியோடு நள்ளிரவில் ஒருவர் அவசரப் பிரிவுக்கு வருகிறார். பணியிலிருக்கும் இளம் மருத்துவர் கேட்கிறார்: "சுகர் இருக்கா? எத்தன வருஷமா?" நோயாளியோ உடன் வந்த மனைவியோ சொல்கிறார்கள்: "ஒரு நாலஞ்சு வருஷம் இருக்கும் சார்." மருத்துவர் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் நீரிழிவு, 5 ஆண்டுகள் என்று எழுதுகிறார். அவர் செய்ததில் தவறில்லை; சிகிச்சைக்கு நான்கும் ஐந்தும் ஒன்றுதான். ஆனால் அந்தப் பாலிசி நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்டது என்று வைத்துக்கொண்டால் நிலைமை தலைகீழாகிறது. 2024 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, தொடர்ந்து 60 மாதங்கள் நடப்பிலிருந்த மருத்துவப் பாலிசியில், நிரூபிக்கப்பட்ட மோசடி நீங்கலாக, தெரிவிக்காமை என்ற காரணத்தைக் காட்டிக் கோரிக்கையை மறுக்க முடியாது. 48 மாதமே ஆன பாலிசிக்கு அந்தக் கவசம் இல்லை. எனவே வேறொரு நகரத்தில் கணினித் திரையின் முன் அமர்ந்திருக்கும் ஊழியருக்கு அந்த '5' ஓர் எண்ணாக மட்டும் தெரிவதில்லை. பாலிசிக்கு முன்பே நோய் இருந்தது, மறைத்துவிட்டார்கள் என்ற சான்றாகவே தெரிகிறது.

நோயாளி சொன்னதில் ஐந்து என்ற எண் தனித்து இல்லவே இல்லை. 'நாலஞ்சு' என்பது தமிழில் ஓர் எண் அன்று. எண்ணத் தெரியாததை ஒப்புக்கொள்ளும் ஒரு முறை. அதன் முன்னால் நிற்கும் 'ஒரு' அந்தத் தோராயத்தை இன்னும் தளர்த்துகிறது. கடைசியில் வரும் 'இருக்கும்' எதிர்கால வடிவம்தான், ஆயினும் இங்கே அது எதிர்காலத்தைக் குறிப்பதில்லை, ஊகத்தைக் குறிக்கிறது. 'இருக்கு' என்றிருந்தால் உறுதி. 'இருக்கும்' என்றால் என் நினைப்பு அவ்வளவுதான் என்பது. ஆக, மூன்று அடையாளங்களால் தன் அறியாமையைச் சொன்ன ஒருவரின் கூற்று, அவ்வடையாளங்கள் மூன்றும் உதிர்ந்த பிறகு துல்லியமான எண்ணாக ஆங்கிலத்தில் நிற்கிறது. இந்தியிலும் இதே கதைதான். 'தோ-சார் சால்' என்று இரண்டையும் நான்கையும் இணைத்துச் சொல்பவர் மூன்றை எண்ணிச் சொல்லவில்லை. 'பாஞ்ச் சால் ஹுவே ஹோங்கே' என்பவர் ஐந்தாண்டு ஆயிற்று என்று உறுதியளிக்கவில்லை. இணை எண்களால் தோராயம் சொல்வதும் வினை வடிவத்தால் ஊகம் சொல்வதும் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானவை. முதலாண்டு மொழியியல் மாணவர் ஒரு வாரத்தில் கற்றுவிடும் செய்தி இது. கோரிக்கைப் பிரிவு ஊழியருக்கு யாரும் இதைச் சொல்வதில்லை.

'சுகர்' என்ற சொல்லும் அத்தனை எளிதன்று. படிவத்தின் கேள்வி நீரிழிவு நோய் உண்டா என்பது. முகவர் அதைப் பேச்சில் 'சுகர் இருக்கா?' என்று கேட்கிறார். தமிழ்நாட்டில் அந்தக் கேள்விக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று நோயைப் பற்றியது. மற்றது இப்போதைய இரத்தச் சர்க்கரை அளவைப் பற்றியது. மாத்திரை போட்டுக் கட்டுக்குள் வைத்திருப்பவர் 'இப்ப சுகர் இல்ல' என்று சொல்வது அன்றாட வழக்கு. எல்லையில்தான் இருக்கிறது, சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியவர் தமக்கு நோய் இருப்பதாகவே நினைப்பதில்லை. இவர்கள் சொன்ன 'இல்ல' படிவத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு குறியாகிறது. பல படிவங்களில் விடைகள் முகவரின் கையெழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். கீழே ஒப்பம் மட்டும் தமிழிலோ ஒடியாவிலோ இருக்கும், சிலவற்றில் கைநாட்டு. அத்தகைய படிவங்களுக்காகவே, உள்ளடக்கம் முன்மொழிபவருக்கு அவர் அறிந்த மொழியில் விளக்கப்பட்டது என்ற உறுதிமொழிப் பத்தி ஒன்று இருக்கிறது. அதைச் சடங்காகப் பார்க்காமல், இந்த விடை யாருடைய சொற்கள் என்று அந்த இடத்தில் நிற்பதற்குப் பழக்குவதுதான் பயிற்சி.

சட்டம் இந்த இடத்தில் ஊழியரைவிட நுட்பமாக மொழியைப் பார்த்திருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்குரிய 45ஆம் பிரிவு 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் நீளமானது. அதை முழுதாக வாசிக்கும் எந்த மொழியியலாளரும் வியப்படைவார். மூன்று ஆண்டுகள் கடந்த பாலிசியை எந்தக் காரணத்தாலும் கேள்விக்குள்ளாக்க முடியாது என்பது அதன் புகழ்பெற்ற பகுதி. அதிகம் பேசப்படாத பகுதி மௌனத்தைப் பற்றியது. இடர் மதிப்பீட்டைப் பாதிக்கக்கூடிய செய்தியைப் பற்றி வெறுமனே மௌனமாக இருப்பது மோசடி ஆகாது என்கிறது சட்டம். பேச வேண்டிய கடமை இருந்த சூழ்நிலையிலோ, மௌனமே பேச்சுக்கு நிகராகும் சூழ்நிலையிலோ மட்டும் அது மோசடியாகலாம். மௌனம் எப்போது பேச்சாகிறது என்பது பயன்வழிப் பொருண்மையியலின் மையக் கேள்விகளுள் ஒன்று. அதைப் பற்றி வகுப்பறைகளில் எத்தனையோ மணிநேரம் பேசப்படுகிறது. காப்பீட்டு அலுவலகத்தில் அதே கேள்விக்குக் கணவனை இழந்த ஒருவரின் கோப்பை வைத்துக்கொண்டு விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே பிரிவின்படி, பாலிசிக்காக ஆள் பிடித்துப் பேசி முடிக்கும் முகவர், ஒப்பந்தம் உருவாகும் அளவுக்கு நிறுவனத்தின் முகவராகவே கருதப்படுவார். மோசடி என்று மறுப்பதா, உண்மையை வெளியிடாமை என்று மறுப்பதா என்பதிலும் பெரிய வேறுபாடு இருக்கிறது. மோசடி அல்லாத வெளியிடாமை என்றால் அதுவரை கட்டிய பிரீமியத்தை 90 நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். ஆக, கடிதத்தில் எந்தச் சொல் இடம்பெறுகிறது என்பது நடை பற்றிய விருப்பம் அன்று. ஒரு குடும்பத்துக்கு ஏதேனும் ஒரு தொகை கைக்கு வருமா, ஒன்றுமே வராதா என்பது அச்சொல்லில் இருக்கிறது. 'தெரிவிக்கவில்லை', 'மறைத்தார்', 'ஏமாற்றினார்' என்ற மூன்றும் ஒரே செயலின் மூன்று பெயர்கள் அல்ல. முதலாவது ஒரு நிகழ்வைச் சொல்கிறது. இரண்டாவது அதற்கு ஒரு நோக்கத்தைச் சேர்க்கிறது. மூன்றாவது அதற்குப் பலியான ஒருவரையும் சேர்க்கிறது. பழைய கடிதத்தை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றும் பழக்கத்தில் இந்த வேறுபாடு கரைந்துபோகிறது.

பொதுக் காப்பீட்டிலும் இதே திசையில் தீர்ப்புகள் உண்டு. வெளிநாட்டுப் பயண மருத்துவப் பாலிசி ஒன்றைப் பற்றிய மன்மோகன் நந்தா வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் படிவத்தின் வெற்றிடங்களைப் பற்றியும் பேசியது. ஒரு கேள்விக்கு எதிரே விடை எழுதப்படாமல் இருந்தால் நிறுவனம் கேட்டு நிரப்பச் செய்ய வேண்டும். கேட்காமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு பாலிசியும் கொடுத்துவிட்டுப் பின்னர் அதையே மறைப்பு என்று சொல்ல முடியாது. எழுதியவருக்கே ஐயத்தின் சுமை என்ற பழைய ஒப்பந்த விதியின் நீட்சிதான் இது. பாலிசியின் சொற்களை எழுதுவது நிறுவனம். அவற்றுள் இரட்டைப் பொருள் இருந்தால் வாசகருக்குச் சாதகமான பொருளே கொள்ளப்படும். இந்த விதி பாடத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு தொடரில் இரட்டைப் பொருள் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே? தாம் எடுத்துக்கொண்ட பொருளைத் தவிர வேறொன்று சாத்தியம் என்று காண்பது இயல்பாக வருவதன்று. அதற்குப் பழக்கம் வேண்டும்.

எல்லாம் படிவத்திலும் கேஸ் ஷீட்டிலும் முடிவதில்லை. ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில், பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றால் மரணம் நேர்ந்தால் காரணத்தை மருத்துவமனையின் உடனடிப் பதிவு உறுதிப்படுத்த வேண்டும். தமிழகக் கிராமங்களில் இரவு வேளையில் பாம்பைப் பாம்பு என்று சொல்லாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 'பூச்சி தீண்டிருச்சு' என்பார்கள். வங்காளத்தில் அதே அச்சத்தால் இரவில் பாம்புக்கு 'லதா', அதாவது கொடி என்று பெயர். அந்த ஊர் வழக்கு அறியாத மருத்துவர் பூச்சிக்கடி என்று பதிந்தால், வாரிசின் கையில் இருக்கும் ஒரே சான்று அவருக்கே எதிராகிவிடும். இடக்கரடக்கல் என்று இலக்கணம் சொல்லும் ஒன்று 2 லட்சம் ரூபாய்க்குக் குறுக்கே வந்து நிற்கக்கூடும் என்பதை எந்தப் பயிற்சிக் கையேடு முன்னுரைக்கும்? எல்லா வழக்காறுகளையும் எல்லா ஊழியருக்கும் கற்பிக்க முடியாது, உண்மை. ஆவணம் சொல்வதற்கும் மனிதர் சொன்னதற்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பு நடந்திருக்கிறது என்ற ஐயத்தை மட்டும் கற்பிக்க முடியும்.

விசாரணையாளர்கள் வாங்கும் வாக்குமூலங்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே ஒன்றைச் சொன்னால் போதும். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட சோதனையில் ஒரே விபத்துப் படத்தைப் பார்த்தவர்களிடம், வண்டிகள் ஒன்றையொன்று 'தொட்ட'போது வேகம் என்ன என்று கேட்டதற்கு வந்த சராசரி மணிக்கு 31.8 மைல், 'நொறுக்கிய'போது என்று கேட்டதற்கு 40.8. உளவியல் மாணவர்களுக்கு மனப்பாடமான இந்த எண்கள் மோட்டார் கோரிக்கைகளை விசாரிப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. 'உங்க வீட்டுக்காரர் எப்பலேர்ந்து குடிக்க ஆரம்பிச்சார்?' என்ற கேள்விக்கு எந்த விடை சொன்னாலும் குடித்தார் என்பது ஏற்கப்பட்டுவிடுகிறது. அதைக் கேட்பவர் தந்திரக்காரராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி இல்லாதவராக இருந்தால் போதும்.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மோசடி உண்மையிலேயே நடக்கிறது. போலி ரசீதுகள், படுக்கையே இல்லாத மருத்துவமனைகள், மரணப் படுக்கையில் இருப்பவர் பெயரில் எடுக்கப்படும் பாலிசிகள் ஆகியவற்றைத் தடுக்காத நிறுவனம் மற்றப் பாலிசிதாரர்களின் பணத்தைத்தான் இழக்கிறது. மேலும், 2024 மே மாதச் சுற்றறிக்கையின்படி கேஷ்லெஸ் அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் விடை தர வேண்டும். வீடு திரும்பும் வேளையிலான இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரம். நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் இது அருமையான விதி. திரையில் வரிசை நீண்டுகொண்டிருக்கும் ஊழியருக்கு நிதானமாக வாசிக்க நேரம் எங்கே? இன்னொன்றும் உண்டு. தவறாகக் கொடுக்கப்பட்ட பணத்துக்குத் தணிக்கையில் விளக்கம் கேட்பார்கள். தவறாக மறுக்கப்பட்ட பணத்துக்கு அந்த ஊழியரிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. மறுக்கப்பட்டவர் குறைதீர்ப்பாளரிடமோ நுகர்வோர் ஆணையத்திடமோ போய் வெல்வதற்குள் அவர் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார். இந்த ஏற்பாடு மாறாத வரை பயிற்சி மட்டும் எதையும் சாதிக்காது என்று வாதிடுவோர் உண்டு. பாதி சரி. ஆனால் நல்லெண்ணமுள்ள ஊழியர் ஒருவர், தம் மீது எந்த அழுத்தமும் இல்லாத ஒரு நாளில்கூட, 'நாலஞ்சு வருஷம் இருக்கும்' என்பதை 5 என்றுதான் வாசிப்பார். அந்தப் பிழைக்கு நிர்வாகத்தின் பேராசை தேவையில்லை.

அதே சுற்றறிக்கை மறுப்புக்கு ஒரு தடுப்பும் வைத்தது. கோரிக்கை மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலின்றி எந்த மருத்துவக் கோரிக்கையையும் மறுக்கக் கூடாது. மறுத்தாலும் குறைத்தாலும் பாலிசியின் எந்த விதியின் கீழ் என்று குறிப்பிட்டுத் தெரிவிக்க வேண்டும். வரவேற்கத்தக்கது. எனினும் ஒருவர் தவறாக வாசித்த வரியை மூவர் சேர்ந்து அதே பயிற்சியோடு வாசித்தால் விடை மாறிவிடப்போவதில்லை. அதற்கும் முன்னதாக, 2011 செப்டம்பரிலேயே ஆணையம் ஒரு சுற்றறிக்கையில், தகவல் தெரிவிப்பதில் தவிர்க்க முடியாத தாமதம் நேர்ந்ததற்காக நியாயமான கோரிக்கைகளை இயந்திரம்போல மறுக்க வேண்டாம் என்று நிறுவனங்களுக்குச் சொல்லியிருந்தது. ஆறாண்டுக்குப் பின்னும், திருடுபோன லாரி ஒன்றுக்கான ஓம் பிரகாஷ் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்தக் கோரிக்கை மறுக்கப்பட்டதற்குக் காரணம், நிறுவனத்துக்குத் தகவல் தந்ததில் ஏற்பட்ட எட்டு நாள் தாமதம். சுற்றறிக்கை போய்ச் சேர்வதும் வாசிப்புப் பழக்கம் மாறுவதும் வெவ்வேறு.

கடிதத்துக்கே திரும்பலாம். சில கூற்றுகள் செய்தியைச் சொல்வதில்லை, செயலைச் செய்கின்றன என்று ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் விளக்கினார். அதற்கு மறுப்புக் கடிதத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். கடிதம் முடிவைத் தெரிவிப்பதில்லை, கடிதமே முடிவு. நீதிமன்றங்களும் அப்படித்தான் நடத்துகின்றன. 2016இல் கலாடா பவர் வழக்கிலும் 2019இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம், மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பின்னர் வழக்கின்போது நிறுவனம் எழுப்ப முடியாது என்றது. ஒரு வரி விடுபட்டால் நிறுவனமே தோற்கலாம். ஆகவே கடிதம் எழுதும் பயிற்சி பாலிசிதாரர் மீதான இரக்கத்துக்காக மட்டும் கேட்கப்படுவதன்று. நிறுவனத்தின் நலனும் அதில்தான் இருக்கிறது. இருந்தும் அந்தக் கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், விதி எண்களும் செயப்பாட்டு வினைகளும் நிறைந்ததாக வந்து சேர்கிறது. 'மறுக்கப்படுகிறது' என்பதில் மறுத்தவர் இல்லை. 'கண்டறியப்பட்டது' என்பதில் கண்டறிந்தவரும் இல்லை, எந்தத் தாளின் எந்த வரியில் என்பதும் இல்லை. 45ஆம் பிரிவோ, எந்தக் காரணங்களையும் சான்றுகளையும் வைத்து முடிவெடுக்கப்பட்டது என்று எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. பாலிசியின் சுருக்கத் தகவல் தாளை வட்டார மொழியில் கேட்டுப் பெற இன்று வழி இருக்கிறது. கோரிக்கை ஏன் மறுக்கப்பட்டது என்பதைத் தம் மொழியில் அறிவதற்கும் அதே உரிமை இருக்க வேண்டாமா?

இந்த இருக்கைக்கு உரிமம் என்பது கற்பனையான யோசனை அன்று. ஆஸ்திரேலியாவில் நிதித்துறை முறைகேடுகளை விசாரித்த ஹெய்ன் ஆணையம் 2019இல் தந்த இறுதி அறிக்கையில், கோரிக்கைகளைக் கையாள்வதற்கு இருந்த சட்ட விலக்கை நீக்கச் சொன்னது; 2022 ஜனவரி 1 முதல் அங்கே அது உரிமம் தேவைப்படும் நிதிச் சேவை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கோரிக்கை மதிப்பீட்டாளர்கள் உரிமத்தைத் தக்கவைக்க இரண்டாண்டுக்கு ஒருமுறை 24 மணி நேரத் தொடர்கல்வியை முடிக்க வேண்டும். இந்தியாவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. அங்கெல்லாம் கோரிக்கையாளரும் ஊழியரும் பெரும்பாலும் ஒரே மொழியில் பேசுகிறார்கள். இங்கே நோயாளியின் மொழி ஒன்று, மருத்துவரின் பதிவு வேறு, ஊழியரின் தாய்மொழி இன்னொன்று, கடிதம் ஆங்கிலம். அதனால்தான் இந்தியாவுக்கான உரிமத் தேர்வில் மொழி ஒரு துணைப்பாடமாக இருந்தால் போதாது.

பாடத்துக்கு மூலப்பொருள் பஞ்சமில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை விசாரிக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்களின் அலுவலகங்கள் நாடு முழுவதும் இருக்கின்றன, சென்னையிலும் ஒன்று. அவர்கள் மாற்றியமைத்த ஒவ்வொரு முடிவும், முதலில் எங்கே தவறாக வாசிக்கப்பட்டது என்பதற்கான பதிவு. நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால் காசோலை போகிறது, கோப்பு மூடப்படுகிறது. முதல் கடிதத்தை எழுதியவரின் மேசைக்கு அந்தத் தீர்ப்பு திரும்பி வருவது எந்தப் பயிற்சியையும்விடப் பயன் தரும். செலவும் அநேகமாக இல்லை.

பல்கலைக்கழகங்களும் கைகட்டி நிற்கின்றன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைமையகம் ஹைதராபாத்தின் கச்சிபவுலிப் பகுதியில் இருக்கிறது. பயன்பாட்டு மொழியியலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் தனி மையம் வைத்திருக்கும் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகமும் அதே பகுதியில்தான். புணேயில் தேசியக் காப்பீட்டுக் கழகமும், மொழியியலில் நெடிய மரபுள்ள டெக்கான் கல்லூரியும் ஒரே நகரத்தில் இருக்கின்றன. இந்திய மொழிகளின் ஊக வடிவங்களைப் பற்றி ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன, தேர்வாளர்களால் பாராட்டப்படுகின்றன, நூலக அடுக்கில் அமர்கின்றன. அந்த வடிவங்கள் தவறாக வாசிக்கப்படுவதால் யாருடைய பணம் போகிறது என்று துறைகள் கேட்டதில்லை; நிறுவனங்களும் அடையாளங்கள் நீக்கிய கோப்புகளைக்கூட ஆய்வுக்குத் திறப்பதில்லை. முதல் அடியை எந்தத் தரப்பு எடுத்தாலும் சரி.

அப்படி ஒரு தேர்வு வருமானால், அதன் முதல் வினாத்தாளை இரண்டே வினாக்களால் அமைத்துவிடலாம். முதல் வினாவில் ஒரு கேஸ் ஷீட்டின் ஒரு வரி இருக்கும்: நீரிழிவு, 5 ஆண்டுகள். இந்த வரியிலிருந்து உங்களுக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை, தெரியாததை யாரிடம், எந்த மொழியில், எந்தச் சொற்களால் கேட்பீர்கள் என்று எழுத வேண்டும். இரண்டாம் வினாவுக்குத் தேர்வர் தாம் முன்னர் எழுதிய மறுப்புக் கடிதம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அதைப் பெற்றவரின் மொழியில், எதிரே அவர் அமர்ந்திருப்பதாகக் கொண்டு, வாய்விட்டுச் சொல்லிக் காட்ட வேண்டும்.